மஞ்சள் நீரில் இறங்கிய நீலம்

மாரியம்மன் பண்டிகைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஜீன்ஸ் வேண்டும் என்று கேட்டு வந்த பையன்கள் ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தார்கள். துணி கொஞ்சம்கூட வெளுத்திருக்கக் கூடாது.

"புதுசுன்னா புதுசு மாதிரி தெரியணுங்க்கா. தொடையில வெள்ளை வெள்ளையா இருந்தா, எவன் போட்டுக் கழட்டுனதுடான்னு எங்கப்பன் கேப்பாரு" என்றான் ஒருவன்.

மருமகள் சிரித்துவிட்டாள். உள்ளே தரையில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த நானும் முந்தானைக்குள் சிரித்தேன். பண்டிகை முடிகிற அன்றைக்கு அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

எங்கள் ஜீன்ஸ் கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மகனும் மருமகளும் பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தவர்கள். கொரோனா வந்து அதை மூடியபோது மோட்டார் வண்டியில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். மருமகள் அங்கே இருந்தது ஜீன்ஸ் தைக்கிற லைனில். இருந்தும் ஒரு முழுப் பேண்ட்டை அவள் தைத்ததே இல்லை. பின்பக்கப் பாக்கெட் மட்டும் அவள் வேலை. அடுத்த மெஷின்காரி இடுப்புப்பட்டி வைப்பாள், அதற்கடுத்தவள் ஜிப் வைப்பாள். வருஷக்கணக்கில் பாக்கெட், பாக்கெட், பாக்கெட்.

ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் அவள் மகனுடைய பேண்ட் ஒன்றை எடுத்து, தையலையெல்லாம் பிளேடால் பிரித்து, துண்டு துண்டாக வீட்டுத் தரையில் பரப்பினாள். ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகன் லுங்கியோடு வாசலில் நின்றான்.

"இருந்ததே ரெண்டு. அதுல ஒண்ணக் கறி போட்டு வச்சிருக்கற. நான் எதப் போட்டுக்கிட்டு வெளிய போறது?"

"வெளிய போயி என்ன சாதிக்கப் போற? உக்காரு, இந்த மூலையப் புடி."

அந்தப் பேண்ட்டை அவள் மறுபடி தைத்தாள். அதுதான் எங்கள் கம்பெனியின் முதல் உருப்படி. ஒரு கால் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. மகன் அதைப் போட்டுக்கொண்டுதான் நல்லம்பள்ளிச் சந்தைக்குப் போய் எங்கள் சரக்கை முதன்முதலில் விற்றான். தார்ப்பாய் விரித்து, ஒரு ஒலிபெருக்கியில் தன் குரலையே பதிந்து ஓடவிட்டான். "கிழியாது, கிழிஞ்சா மாத்தித் தரோம்" என்று அது நாள் முழுக்கக் கத்தும். ஒரு பெரியவர் தன் மச்சானைக் கூட்டி வந்து, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை. வாங்கவும் இல்லை. ஆனால் அந்தக் கூத்தைப் பார்க்கத் திரண்டவர்கள் வாங்கினார்கள். அடுத்த சந்தையில் மகன் தானே இரண்டு பேரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னான். விளம்பரம் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

பிறகு அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் ஷெட் கிடைத்தது. கோயில் தர்மகர்த்தாவுடைய ஷெட். முன்னால் கடை, பின்னால் தையல். சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற கார்கள் டீ குடிக்க நிற்கிற இடம் என்பதால் வியாபாரம் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் பேண்ட்டில் தொங்கவிட அட்டை அடித்தார்கள். ஒரு பக்கம் கழுகுப் படம். மறுபக்கம் முழுக்க இங்கிலீஷ்.

"தமிழ்ல போட்டா உள்ளூர்ச் சரக்குன்னு வெல கொறச்சுக் கேப்பாங்கம்மா" என்றான் மகன்.

அட்டைக்குக் கயிறு கோத்துக் கட்டியது நான்தான். எனக்கு அந்த வேலை பிடிக்கும். சிறு வயதிலிருந்தே ஆட்கள் முன்னால் நிற்க எனக்கு வராது. கடைக்கு யாராவது வந்தால் துணி அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டுக்குப் போகும்போதும் ரோட்டுப் பக்கம் போகாமல், பின்னாடி வயல் வரப்பு வழியாகப் போவேன். கோத்துக் கோத்து, நூல் வெட்டி வெட்டி என் விரல்களில் நீலம் ஏறிவிட்டது. நகக்கண்ணில் சோப்பு போட்டாலும் போகாது. விசேஷ வீடுகளில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன்.

தைத்த பேண்ட்டுகளை எப்போதும் டெம்போவில் பெல்லாரிக்கு அனுப்பி, அங்கே பட்டறையில் அலசி வாங்கி வருவோம். அந்த அலசலில்தான் முரட்டுத் துணி இளகும், மிச்சச் சாயம் இறங்கும். பண்டிகைப் பையன்கள் வந்தபோது அதற்கு நாள் இல்லை. அவர்களே வெளுக்கக் கூடாது என்கிறார்கள். மகன் கணக்கு வேறாக இருந்தது. பையன்கள் எங்கள் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மேளத்துக்கு ஆடுவார்கள், அதை வீடியோ எடுத்துப் போடுவார்கள், எல்லோர் சட்டை முதுகிலும் எங்கள் கம்பெனிப் பெயர் இருக்கும். "இதவிட வெளம்பரம் எங்க கெடைக்கும்?" என்றான். மருமகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "சரி, அலசாமலே குடுத்துரலாம்" என்றாள்.

பண்டிகையில் பையன்கள் ஆடினார்கள். வீடியோவை ஊர் ஊராகப் பார்த்தார்கள். வேறு ஊர்க்காரர்களும் விலை கேட்டுப் போன் செய்தார்கள். மகன் சந்தோஷத்தில் கூடுதலாகத் துணி எடுக்கப் பெல்லாரிக்குப் புறப்பட்டுப் போனான்.

கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற நாள். அன்றைக்கு யாரும் நல்ல துணி உடுத்த மாட்டார்கள். மஞ்சள் கறை போகாது என்பதால் கிழிசல், பழசு எதையாவது சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். தண்ணீர் பட்டால் சாயம் இறங்குமே என்ற நினைப்பு எங்களுக்கு வராததற்கு அதுதான் காரணம். ஆனால் பையன்கள் மாற்றவில்லை. வீடியோ எடுக்கிறவன் நிற்கிறான், முறைப்பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். யார் போய்ப் பழைய லுங்கி கட்டுவான்?

ஷெட்டில் நானும் மருமகளும் மட்டும் இருந்தோம். முதலில் கோயில் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு மேளம் நின்றது. அப்புறம் ஒரு பெண் வேகமாக வந்தாள். அந்தப் பையன்களில் ஒருவனுடைய அம்மா. மூச்சு வாங்கியது.

"என்னாத்தத் தச்சுக் குடுத்தீங்க? எம்பையன் காலப் போயிப் பாருங்க. பாம்பு கடிச்ச மாதிரி இடுப்புலேருந்து நீலம் பாஞ்சு கெடக்குது!"

மருமகள் எழுந்தாள். "அக்கா, அது புதுத் துணிச் சாயங்க. ரெண்டு தண்ணியில போயிரும்."

"சாயமோ வெஷமோ! ஆத்தா முன்னாடி மஞ்சத்தண்ணி ஓடற எடமெல்லாம் பச்சையா, சாணி கரைச்ச மாதிரி ஓடுது. ஊரே நின்னு பாக்குது."

அவள் பின்னாலேயே தர்மகர்த்தா வந்தார். எப்போதும் வெள்ளை வேட்டிதான். அன்றைக்கு அதில் முழங்காலுக்குக் கீழே பச்சையும் நீலமுமாக இருந்தது. யாரோ ஆடிக்கொண்டே அவர் மேல் உரசியிருக்க வேண்டும். எங்களைத் திட்ட வந்தவர் போலத் தெரியவில்லை. பயந்தவர் போல இருந்தார்.

"பாப்பா, நான் கோவமா வரல. ஆனா இந்த மாதிரி இந்தக் கோயில்ல நடந்ததில்ல. ஆத்தாளுக்கு ஊத்தற மஞ்சத்தண்ணி நெறம் மாறுனா என்ன அர்த்தம்னு ஊர் என்னயக் கேக்குது. ஷெட்டு என்னுது, அதனால என்னயத்தான் கேக்குது."

"அதுக்கு நாங்க என்னங்க பண்ணணும்?"

"சாயங்காலம் பூ கேக்கலாம். நீங்க இங்க இருக்கலாம்னு ஆத்தா உத்தரவு குடுத்தா, ஒருத்தன் வாயத் தெறக்க மாட்டான். இல்லன்னா..." அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீயே சொல்லு. நான் ஊரோட இருக்கறவன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போய்விட்டார்.

மருமகள் மகனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான். மறுபடி போட்டாள். அப்போது தொடர்பே கிடைக்கவில்லை. போனை மெஷின் மேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த எடம் போச்சுன்னா நான் பெங்களூருக்கே போயிர்றேன் அத்தை. பழைய லைன்ல சூப்பர்வைசர் அக்கா எப்ப வேணா வான்னுதான் சொல்லிட்டு இருக்குது. மறுபடியும் மொதல்லேருந்து இழுக்க என்னால ஆகாது."

அவள் போனால் மகனும் போவான். பத்து வருஷம் அப்படி இருந்து பார்த்தவள் நான். பொங்கலுக்கும் பண்டிகைக்கும் வருவார்கள். மற்ற நாளில் சோறு வடித்தால் எனக்கு மட்டும். நான் கத்தரிக்கோலை எடுத்து நூல் வெட்ட உட்கார்ந்தேன்.

"நீங்க வர வேண்டாம் அத்தை. நான் போயிட்டு வரேன்" என்றாள் சாயங்காலம். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

கோயில் வாசலில் தண்ணீர் காய்ந்து, மண் ஒரு மாதிரிக் கரும்பச்சையாக இருந்தது. பையன்கள் ஓரமாக நின்றார்கள். குளித்துத் துண்டு கட்டியிருந்தார்கள், கால் நீலம் போகவில்லை. "டேய், கிருஷ்ணர் வேசத்துக்கு முகத்த மட்டும் விட்டுட்டியேடா" என்று எவனோ சொன்னான். சிரிப்பு எழுந்து அப்படியே அடங்கியது. அம்மாக்கள் சிரிக்கவில்லை.

"ஆத்தா விஷயம் அப்பறம்ங்க. எம்பையன் ஒடம்புக்கு என்ன ஆகும்? அதுக்கு யாரு பொறுப்பு?" என்றாள் காலையில் ஓடி வந்தவள்.

"அட்டையில போட்டிருக்குதுங்க. தனியா அலசிப் போடணும்னு" என்றாள் மருமகள்.

"எந்த அட்டை? அந்தக் கழுகு அட்டையா? அத நாங்க படிக்கறமா?"

மருமகளுக்குக் கோபம் வந்தால் உதடு வெளுத்துவிடும். வெளுத்துவிட்டது. இன்னும் ஒருத்தி, "தோலு உரிஞ்சா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "கல்யாணம் ஆவாத பையன்" என்றாள். ஒருவர் மேல் ஒருவராகப் பேச ஆரம்பித்தார்கள். மருமகள் நடுவில் நின்றாள். அவளைச் சுற்றி இடம் குறைந்துகொண்டே வந்தது.

எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் போய் நின்று, முந்தானைக்குள் இருந்த இரண்டு கையையும் வெளியே எடுத்து நீட்டினேன்.

"கம்பெனி ஆரம்பிச்சதுலேருந்து என் கை இப்பிடித்தானுங்க இருக்குது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் நிறுத்தியதால் கேட்டிருக்க வேண்டும். "இந்தக் கையிலதான் சோறு திங்கறேன். ஒண்ணும் ஆகல. தோலும் உரியல."

அந்த அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகத்தைத் தேய்த்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் தொட்டாள். யாரோ, "இது பேசுமா? இத்தனை நாளு இது ஊமைன்னு இல்ல நெனச்சேன்" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் பெண்கள் கொஞ்சம் விலகினார்கள். மருமகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

அவள் சொன்னாள்: "பேண்ட் எல்லாத்தயும் நான் திரும்ப வாங்கிக்கறேன். அலசித் தரேன். வேண்டாங்கறவங்களுக்கு வேற தச்சுத் தரேன்." பையன்களில் ஒருவன் உடனே, "எனக்கு இதே போதுங்க்கா" என்றான். அவன் அம்மா தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தர்மகர்த்தா மட்டும் சன்னதியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பசங்க விஷயம் சரி. ஆத்தா விஷயம் பாக்கணுமில்ல."

பூசாரி இரண்டு அரளிப்பூவைத் தண்ணீரில் நனைத்து, அம்மனுடைய இரண்டு தோளிலும் ஒட்டி வைத்தார். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் இருக்கலாம். இடத்தோள் பூ விழுந்தால் போக வேண்டும். நானும் என் கல்யாணத்துக்கு இதே அம்மனிடம் பூ கேட்டவள்தான். அன்றைக்கு உடனே விழுந்தது. இன்றைக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

மணியை அடித்துப் பார்த்தார்கள். நிறுத்திப் பார்த்தார்கள். சூடம் ஏற்றி, அது எரிந்து அணைந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு லாரிக்கும், இந்த அதிர்வில் விழுந்துவிடுமோ என்று பூவையே பார்த்தேன். மருமகள் பூவைப் பார்க்கவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலத்தோள் பூ அசைந்தது. ஒரு இதழ் மடங்கி, மெதுவாகச் சறுக்கியது. "ஆத்தா!" என்று பின்னால் ஒரு குரல் எழுந்தது. நான் கையைக் கூப்பினேன். பூ அம்மன் கழுத்து மாலையில் போய் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் மெல்லிய சத்தம். இடத்தோள் பூ பீடத்தில் கிடந்தது.

தர்மகர்த்தா கண்ணை மூடித் திறந்தார். "நான் சொல்லல பாப்பா. ஆத்தா சொல்லுது. நாளைக்குச் சாவி குடுத்துருங்க. அடுத்த வருஷம் வேணும்னா மறுபடியும் கேட்டுப் பாக்கலாம்."

மருமகள் ஒரு கும்பிடு போட்டாள். அம்மனுக்கா அவருக்கா என்று தெரியவில்லை. திரும்பி நடந்தாள்.

ஷெட்டுக்கு வந்ததும் விளக்குகூடப் போடாமல் போனை எடுத்தாள். "அக்கா, நான்தான்... லைன்ல எடம் இருக்குதா? பாக்கெட்தான். எதுன்னாலும் சரி... வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலக்கா" என்றாள். அந்தப் பக்கம், கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள் போல. போனை வைத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பேண்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்தாள். ஒன்றைக்கூட நேராக மடிக்கவில்லை. எப்போதும் மடிப்பு பிசகினால் என்னைப் பிரித்து மடிக்கச் சொல்கிறவள்.

போகாதே என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. கோயிலில் அத்தனை பேர் முன்னால் வந்த குரல், இவள் ஒருத்தி முன்னால் வரவில்லை. அவள் பெட்டிக்குக் கயிறு கட்டுகிறாள். நான் நிற்கிறேன்.

மூலையில் வெட்டி வைத்த துணிக்கட்டு இருந்தது. இன்னும் தைக்காத கால்கள், பாக்கெட்டுகள், இடுப்புப்பட்டிகள், எல்லாம் சேர்த்துக் கட்டியது. முரட்டுத் துணி, கனம். குனிந்து தூக்கித் தலையில் வைத்தேன். கழுத்து உள்ளே இறங்கியது. ஷெட்டை விட்டு வெளியே வந்து, வரப்பு வழியைப் பார்த்தேன். இந்தச் சுமையோடு வரப்பில் நடக்க முடியாது. ரோட்டோரமாகவே நடந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கோயிலிலிருந்து வருகிறவர்கள் எதிரே வந்தார்கள். தலையில் சுமை இருந்ததால் தலையைக் குனியவும் முடியவில்லை.

"அத்தை! அத்தை, நில்லுங்க! எங்க போறீங்க?" பின்னால் ஓடி வந்தாள்.

"வூட்டுக்கு."

"அத எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

"மாட்டுக் கொட்டாய் சும்மாதான் கெடக்குது. மாட்ட வித்தப்பறம் யாரு கட்டறா அதுல? அங்க போட்டுத் தையி."

"அங்க யாரு வந்து வாங்குவா? ரோட்டுல இருந்தே கண்ணுக்குத் தெரியாத எடம்."

நடந்தேன். கால் ஒருமுறை தடுமாறியது. அவள் ஓடி வந்து கட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. அப்படியே ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தோம். கொட்டகையில் கட்டை இறக்கிய பிறகு, சுவரைத் தட்டிப் பார்த்தாள். மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"மழை ஒழுகும்" என்றாள்.

"ஓடு மாத்திக்கலாம்."

அவள் போன் அடித்தது. பெங்களூர் அக்கா. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: "சொல்லுங்கக்கா... திங்கக்கிழமையா... இல்லக்கா, இருங்க. இங்க எங்க அத்தை துணிக்கட்டத் தூக்கிட்டு வூட்டுக்கு வந்துட்டாங்க. ஆமாக்கா, தலையில வச்சு. ரோட்டு மேலயே. அவுங்கதான், வாயே தெறக்க மாட்டாங்கன்னு சொல்லுவேனே, அவுங்கதான். நான் என்னக்கா பண்றது?" சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. அந்தப் பக்கத்துக்காரியும் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் மகன் டெம்போவில் துணியோடு வந்தபோது மெஷின்கள் கொட்டகையில் இருந்தன. விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு பையனுடைய பேண்ட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, "இந்தப் பச்சை கூட நல்லாத்தான் இருக்குது. மஞ்சத்தண்ணி வாஷ்னு பேர் போட்டு வித்தா என்ன?" என்றான். மருமகள் கையில் இருந்த அளவுக்கோலை அவன் மேல் எறிந்தாள்.

நெடுஞ்சாலைக் கடை போனதில் பாதி வியாபாரம் போயிற்று. அதை மறைப்பதற்கில்லை. இப்போது போனில் காட்டி விற்கிறார்கள். மெதுவாகத்தான் போகிறது. அட்டையின் பின்பக்கத்தில் இப்போது தமிழ், முதல் தடவை தனியாக அலசவும் என்று பெரிய எழுத்தில். அலசாமல் ஒரு பீஸும் வெளியே போவதில்லை. கம்பெனி வரலாறு என்று ஒரு பக்கம் போட வேண்டும் என்று தருமபுரியில் விளம்பரம் எழுதிக் கொடுப்பவர் கேட்டார். மருமகள் இரண்டு மெஷின், சந்தை, கடை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடையை ஏன் விட்டீர்கள் என்று அவர் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வூட்டுல எடம் இருந்துச்சுங்க" என்று முடித்துவிட்டாள்.

பண்டிகை மறுபடி வரப்போகிறது. தர்மகர்த்தா நேற்று ரோட்டில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, பூ கேக்கலாமா? ஷெட்டு இன்னும் பூட்டித்தான் இருக்குது" என்றார். மருமகளிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல், "நீங்க என்ன சொல்றீங்க அத்தை?" என்று கேட்டாள். என்னைக் கேட்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை. நூல் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.